பெரியப்பா 45 வருஷமா சேர்த்த பழைய பேப்பர், போட்டோ, நோட்டு எல்லாம் - என்ன பண்றதுன்னு தெரியல (அல்சூர், பெங்களூர்)

அல்சூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க பெரியப்பா போன தை மாசம் தவறிட்டாரு. வயசு 81. அல்சூர் பஜார் பின்னாடி ஒரு சந்துல, ரெண்டு ரூம் வீட்ல 50 வருஷத்துக்கு மேல குடியிருந்தவர். வேலைன்னு பாத்தா ஒரு மில்லுல ஸ்டோர்ஸ் கிளார்க், விஆர்எஸ் வாங்கிட்டு வந்துட்டாரு. ஆனா அது சோத்துக்கு. அவரோட நெஜமான வேலை இந்த ஊரு. தமிழாளுங்க எப்போ இங்க வந்தாங்க, எந்தத் தெருவுக்கு முன்னாடி என்ன பேரு, எந்தக் கோயில் கல்வெட்டுல என்ன எழுதியிருக்கு, இதைத் தவிர அவர் வேற பேசி நான் கேட்டதே இல்ல. கல்யாண வீட்ல சாப்பாட்டுப் பந்தியில உக்காந்துகிட்டு பக்கத்து இலைக்காரர்கிட்ட 1864ல ஜோலார்பேட்டையில இருந்து கண்டோன்மென்ட் வரைக்கும் ரயில் வந்த கதையை ஆரம்பிச்சிடுவாரு, நம்ம கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டுல இருந்து அந்த ரயில்லதான் வந்தாருன்னு முடிக்கறதுக்குள்ள பாயசம் ஆறிப் போயிடும். ஹைகோர்ட் பக்கம் பஸ்ல போனா போதும், "இந்த அத்தாரா கச்சேரியைக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டினது யாரு தெரியுமா, நம்ம ஆற்காடு நாராயணசாமி முதலியார்"னு ஏதோ சொந்தத் தாய்மாமனைச் சொல்ற மாதிரி சொல்வாரு.

ஞாயித்துக்கிழமை ஆனா விடியக்காலை அஞ்சரைக்கு சைக்கிளை எடுத்துட்டு சண்டே பஜார். அங்க இருந்து அவென்யூ ரோடு. மத்தியானம் ஒரு மணிக்கு மஞ்சப்பை நிறைய எதையாவது கொண்டாந்து திண்ணையில கொட்டுவாரு, பெரியம்மா ஒண்ணும் பேசாம உள்ள போயிடுவாங்க.

இப்போ வீட்ல இருக்கிறது என்னன்னா: ட்ரங்க் பெட்டி 7, அட்டைப்பெட்டி எண்ணல. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சினிமா நோட்டீஸ், பஸ் டிக்கெட், ரேஷன் கார்டு, தீப்பெட்டி லேபிள், கோலி சோடா பாட்டில், "சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்"னு மேல அச்சடிச்ச வரி ரசீது ஒரு கட்டு (1947க்கு முன்னாடி கண்டோன்மென்ட் பக்கம் மைசூர் மகாராஜாகிட்ட இல்ல, வெள்ளைக்காரன் நிர்வாகம், அப்போ உள்ளது), பழைய ஸ்டூடியோ போட்டோ ஒரு 600 இருக்கும், காசு மூணு டப்பா. ஏரிக்கரை திருவள்ளுவர் சிலை 1991ல இருந்து 2009 ஆகஸ்ட் வரைக்கும் மூடியே கிடந்துச்சுல்ல, அந்த 18 வருஷமும் பேப்பர்ல வந்த துண்டுச் செய்தி எல்லாம் தனியா ஒரு ஃபைல். அப்புறம் அவர் கையால எழுதின லாங் சைஸ் நோட்டு 43. கல்வெட்டு மேல காகிதம் ஒட்டி மை ஒத்தி எடுத்த படி சுருட்டி சுருட்டி வச்சது ஒரு பத்துப் பதினஞ்சு.

எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு தொம்லூர் சொக்கநாத சாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனது இன்னும் கண்ணுலயே இருக்கு. சுவத்துல இருக்கிற எழுத்து எனக்கு ஒண்ணுமே தெரியல, வெறும் கல்லு. டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சுவத்தோட ஒட்டின மாதிரி சாய்ச்சுப் பிடிச்சாரு பாருங்க, எழுத்தெல்லாம் அப்படியே எழும்பி நின்னுச்சு. தமிழ்தான். "தொம்பலூரான தேசிமாணிக்கப்பட்டணம்"னு விரலை வச்சு வச்சு படிச்சுக் காட்டினாரு. இன்னைக்கு அந்த ஏரியாவுல இன்டர்வியூவுக்குப் போகும்போது கூட எனக்கு அந்தப் பேருதான் வாயில வருது.

விஷயத்துக்கு வர்றேன். வீட்டு ஓனர் இடிச்சுக் கட்டப் போறாராம், மூணு மாசத்துல காலி பண்ணணும். பெரியப்பாவுக்கு ரெண்டு பொண்ணு, ஒரு அக்கா கனடா, இன்னொரு அக்கா ஒயிட்ஃபீல்டுல சின்ன ஃப்ளாட், பெரியம்மா அங்கதான் போறாங்க, அங்க ஒரு ட்ரங்க் பெட்டிக்குக் கூட இடம் கிடையாது. குஜிரிக்காரன் (பழைய பேப்பர், சாமான் எடுக்கிறவன்) வந்து பாத்துட்டு கிலோ கணக்குல எடுத்துக்கிறேங்கிறான். இன்னொருத்தர், கலெக்டராம் (மாவட்ட கலெக்டர் இல்ல, சேகரிக்கிறவர்), காசு டப்பாவும் போட்டோவும் மட்டும் குடுங்க 25,000 தர்றேன், நோட்டெல்லாம் வேணாங்கிறாரு. பெரியம்மாவைக் கேட்டா "உங்க இஷ்டம்பா"ன்னு ஒரே வார்த்தை.

யார்கிட்ட குடுக்கலாம்? இதுக்கெல்லாம் மதிப்பு இருக்கா? இல்ல நாங்கதான் பாசத்துல பெருசா நினைக்கிறோமா?

---

மர்ஃபிடவுன்காரன்:

குஜிரிக்குப் போட்டுடாதீங்க ப்ரோ, கைல காலில விழுந்து கேக்கறேன். அந்த 25,000 ஆளும் வேணாம். பால்ல ஆடையை மட்டும் வழிச்சு எடுத்துட்டுப் போற கதை அது. அவர் போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போயிட்டா அந்தப் போட்டோ யாரு என்னன்னு எழுதியிருக்கிற நோட்டு உங்ககிட்ட, முகம் அவர்கிட்ட. ரெண்டும் குப்பை.

உங்க பெரியப்பாவை நான் பாத்திருக்கேன்னு நினைக்கிறேன், சோமேஸ்வரர் கோயில் வாசல்ல வெள்ளை வேட்டி, கேரியர்ல மஞ்சப்பை, யாராவது வடக்கத்திக்காரங்க போட்டோ எடுத்துட்டு இருந்தா தானா போய் விளக்கம் சொல்லுவாரே, அவர்தானே?

---

அல்சூர்வாசி:

அவரேதான் ப்ரோ. அரைகுறை ஹிந்தியில சொல்வாரு. படிச்சதும் தொண்டை அடைச்சுப் போச்சு.

---

பழையபேப்பர்:

நான் ஒரு ஆவணக் காப்பகத்துல வேலை பாக்கறவன், ஊர் பேரு வேணாம். கேட்ட கேள்விக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். எதையும் இன்னும் நகர்த்தலையே? நகர்த்தாதீங்க. எந்தப் பெட்டியில எதுக்கு மேல எது இருக்குங்கிறதும் ஒரு தகவல்தான். ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு வரி ரசீதும் ஒரே நூல்ல கட்டியிருந்தா அவர் ஏதோ காரணத்துக்காகக் கட்டியிருக்காரு, ஒரே குடும்பமா இருக்கும், ஒரே வீடா இருக்கும். நீங்க பத்திரிகை எல்லாம் ஒரு பக்கம், ரசீது எல்லாம் ஒரு பக்கம்னு "நீட்டா" அடுக்கினீங்கன்னா அந்தக் காரணம் போச்சு, திரும்ப வராது. நல்ல மனசோட அடுக்கி வச்சவங்க கெடுத்த சேகரிப்புதான் நான் நிறைய பாத்திருக்கேன், கரையான் கெடுத்ததை விட.

அதனால முதல்ல மொபைல்ல ஒவ்வொரு பெட்டியையும் திறந்த மேனிக்கு போட்டோ எடுங்க, அப்புறம் ஒவ்வொரு அடுக்கா எடுக்க எடுக்க எடுங்க. பெட்டிக்கு நம்பர் போடுங்க. பேப்பர் மேல எழுதணும்னா பென்சில் மட்டும்தான், அதுவும் பின்பக்கம் ஓரத்துல. ரப்பர் பேண்டு எல்லாம் இந்நேரம் உருகி ஒட்டியிருக்கும், குண்டூசி துருப்பிடிச்சிருக்கும், பிடுங்காதீங்க, மெதுவா கழட்டிட்டு அதே கட்டை அதே வரிசையில வெள்ளைக் காட்டன் நாடாவால கட்டுங்க. லாமினேஷன் கூடவே கூடாது. செல்லோ டேப் கூடவே கூடாது. கிழிஞ்சது கிழிஞ்சபடியே இருக்கட்டும். ராமபாணப் பூச்சி இருந்தா பயந்துட்டு மருந்து எதுவும் அடிக்காதீங்க, பாச்சை உருண்டையைப் பக்கத்துக்கு நடுவுல வைக்காதீங்க, வேப்பிலையும் அப்படித்தான், கறை பிடிச்சுக்கும். காத்தாட விட்டு, மெல்லிசான பிரஷால தூசி தட்டி, ஈரம் இல்லாத இடத்துல வச்சாலே பாதி பிரச்சினை தீரும். ஃபிலிம் நெகட்டிவ் ஏதாவது இருந்து அதுல காடி வாசனை அடிச்சா அதைத் தனியா எடுத்து வைங்க, அது கெட்டுட்டு இருக்குன்னு அர்த்தம், கூட இருக்கிறதையும் கெடுக்கும்.

ஸ்கேன்: பேப்பர் 300 டிபிஐ போதும், போட்டோ 600. போட்டோ பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க! ஸ்டூடியோ முத்திரை பின்னாடிதான் இருக்கும், அந்த விலாசத்தை வச்சே எந்தக் காலம்னு ஓரளவு பிடிச்சிடலாம்.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின பொருள் தொல்பொருள் கணக்கு, கையெழுத்துப் படின்னா 75 வருஷம். வீட்ல வச்சிருக்கிறது குத்தம் இல்ல, சிலை, ஓவியம் மாதிரி சில வகைக்குத்தான் பதிவு பண்ணணும்னு இருக்கு, ஆனா அதை வியாபாரமா விக்க லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. கனடா அக்கா "ஞாபகத்துக்கு ரெண்டு காசு எடுத்துட்டுப் போறேன்"னு சொன்னா எவ்வளவு பழசுன்னு பாத்துக்கோங்க.

குடுக்கிற இடம்னா, கல்வெட்டுப் படியும் அது சம்பந்தமான நோட்டும் நிருபதுங்கா ரோட்ல இருக்கிற மிதிக் சொசைட்டிக்குக் காட்டுங்க. 1909ல ஆரம்பிச்ச சங்கம், பெங்களூர் சுத்துவட்டாரக் கல்வெட்டை எல்லாம் இப்போ முப்பரிமாண ஸ்கேன் பண்ணிட்டு வர்றாங்க, உங்க பெரியப்பா படியெடுத்த கல்லு ஏதாவது இன்னைக்கு அபார்ட்மென்ட்டுக்கு அடியில போயிருந்தா அந்தக் காகிதம்தான் மிச்சம். தமிழ்ல அச்சான நோட்டீஸ், பத்திரிகை இதுக்கெல்லாம் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தைக் கேட்டுப் பாருங்க. அந்த ரோஜா முத்தையா செட்டியாரும் உங்க பெரியப்பா ஜாதிதான் (சேகரிக்கிற ஜாதி!). கோட்டையூர்ல சைன் போர்டு எழுதுற தொழில் பண்ணிட்டு வாழ்நாள் பூரா புஸ்தகம் சேர்த்தவர், 1992ல அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஆனா அமெரிக்காவுக்குத் தூக்கிட்டுப் போகாம சென்னையிலயே 1994ல நூலகமா ஆக்கினாங்க. எல்லா சேகரிப்புக்கும் அந்தக் குடுப்பினை இல்ல.

---

காக்ஸ்டவுன்அக்கா:

தம்பி, பழையபேப்பர் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுட்டுக் குடு. எங்கப்பாவும் இப்படித்தான், அவர் சேர்த்தது நாடக நோட்டீசும் கிராமபோன் ரெக்கார்டும். அவர் போனதும் ஒரு இடத்துக்கு (பேரு சொல்ல மாட்டேன்) தானமா குடுத்தோம். விழா வச்சாங்க, எங்கம்மாவுக்குச் சால்வை போத்தினாங்க, மேடையில "இது எங்கள் பொக்கிஷம்"னாங்க, போட்டோ எடுத்தாங்க. ஆறு வருஷம் கழிச்சு என் பொண்ணு காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காகப் பாக்கணும்னு போனா, மாடிப்படிக்குக் கீழ கோணிப்பையில கட்டிப் போட்டிருக்காங்க. மேல தண்ணி டாங்க் லைன் போகுது. கோணியைத் தொட்டா சொதசொதங்குது. அங்க இருந்த பையனைக் கேட்டா அவனுக்கு அது என்னன்னே தெரியல, அவன் வேலைக்குச் சேர்ந்து மூணு மாசமாம், அவனைத் திட்டி என்ன பிரயோஜனம். நான் பாட்டுக்கு படிக்கட்டுலயே உக்காந்து அழுதுட்டு வந்தேன்.

எழுதி வாங்கு. என்னென்ன குடுத்தோம்ங்கிற லிஸ்ட்ல அவங்க கையெழுத்து, எத்தனை மாசத்துல கேட்லாக் போடுவாங்க, குடும்பத்துல யாராவது பாக்கணும்னா எப்படி, அவங்களால வச்சுக்க முடியலன்னா நமக்குத் திருப்பித் தரணும்னு ஒரு வரி. வெக்கப்படாம கேளு. சால்வை வேணாம்னு சொல்லிடு.

---

வெந்தகாளு:

கொஞ்சம் கசப்பா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எல்லாமே பொக்கிஷம் கிடையாது. தீப்பெட்டி லேபிளும் பஸ் டிக்கெட்டும் நிறைய பேர்கிட்ட இருக்கு. பேப்பர் கட்டிங்ல பாதி பெரிய லைப்ரரியில பழைய இதழாவே பைண்டு பண்ணி இருக்கும். மூணு மாசம்தான் டைம்னா எது வேற எங்கயும் கிடைக்காதோ அதுல நேரத்தைப் போடுங்க.

இன்னொண்ணு, உள்ளூர் வரலாறு எழுதுறவங்க சொல்றதை எல்லாம் அப்படியே நம்பிடவும் கூடாது. பிரியத்துல மிகைப்படுத்திடுவாங்க. என் பேரையே பாருங்க, வீர பல்லாள ராஜாவுக்கு ஒரு கிழவி வெந்த பயறு குடுத்தா, அதனால "பெந்த காளு ஊரு", அதுவே பெங்களூர்னு சின்ன வயசுல இருந்து கேக்கறோம். பல்லாளன் 12ம் நூற்றாண்டு ஆளு, ஆனா பேகூர் கோயில்ல சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டுல "பெங்களூரு" சண்டைன்னு பேரே இருக்கு. ராஜா பொறக்கறதுக்கு 250 வருஷம் முன்னாடியே ஊருக்குப் பேரு வந்தாச்சு. அதனால நோட்டுல இருக்கிற கல்வெட்டுப் பாடத்தை ரைஸ் துரை போட்ட கல்வெட்டுத் தொகுப்பு, எபிகிராஃபியா கர்நாடிகா 9ம் தொகுதியோட (பெங்களூர் மாவட்டம், 1905) ஒத்துப் பாத்துட்டு அப்புறம் நெட்ல ஏத்துங்க.

---

அல்சூர்வாசி:

கோவமே இல்ல சார், சிரிப்புதான் வந்துச்சு. அந்தப் பயறு கதையை யாராவது சொன்னா பெரியப்பா டீக்கடைன்னும் பாக்காம சண்டைக்குப் போயிடுவாரு. 9ம் தொகுதி ஜெராக்ஸ் பைண்டிங் அவர் தலகாணிக்கு அடியிலயே இருந்துச்சு, ஓரத்துல எல்லாம் பென்சில்ல "தவறு", "நேரில் பார்க்க", "கல் இப்போது இல்லை"ன்னு எழுதியிருக்காரு.

---

சாம்பியன்ரீஃப்:

நான் கேஜிஎஃப்ல (கோலார் தங்கவயல்) பொறந்து வளந்தவன், இப்போ கே.ஆர்.புரம். 2001 பிப்ரவரி 28 சுரங்கத்தை மூடினாங்க, அதுக்கப்புறம் ஊரே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வர்ற ஊரா ஆயிடுச்சு. எங்கப்பா வீட்ல கார்பைடு லாம்பு, ஹெல்மெட், டோக்கன் எல்லாம் இருக்கு, அதைப் பாக்க இப்போ நிறைய பேரு வர்றாங்க, சினிமா வந்தப்புறம் இன்னும் ஜாஸ்தி. ஆனா எங்ககிட்ட ஒரு குரூப் போட்டோ இருக்கு, ஷிஃப்டுக்கு இறங்கறதுக்கு முன்னாடி எடுத்தது, 22 பேரு. எங்கப்பாவைத் தவிர ஒருத்தர் பேரும் தெரியாது. பக்கத்து லைன்ல ஒரு தாத்தா இருந்தாரு, அவருக்கு 22 பேரும் தெரியும்னாங்க, பொங்கலுக்குப் போகும்போது கேட்டுக்கலாம்னு இருந்தேன், கார்த்திகையில போயிட்டாரு.

நீங்க எல்லாரும் ட்ரங்க் பெட்டி, டிபிஐ, மிதிக் சொசைட்டின்னு பேசறீங்க. அந்தப் பெரியம்மா உயிரோட இருக்காங்கல்ல? 50 வருஷம் அந்த மனுஷனோட இருந்தவங்க. "உங்க இஷ்டம்"னு சொன்னா அதோட விட்டுடறதா? பெட்டி ரெண்டு மாசம் கழிச்சும் பெட்டிதான். நாளைக்கே மொபைல்ல ரெக்கார்டர் போட்டுட்டு அவங்க பக்கத்துல உக்காருங்க. நேர்காணல் மாதிரி கேக்காதீங்க, பயந்துடுவாங்க. ஒரு போட்டோவைக் கையில குடுத்துட்டு சும்மா இருங்க.

---

அல்சூர்வாசி:

மூணு வாரம் ஆச்சு, அப்டேட் போடணும்னு தோணுச்சு. சாம்பியன்ரீஃப் அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல. அந்த சனிக்கிழமையே போயிட்டேன்.

முதல் போட்டோ குடுத்தேன், "எனக்கென்னப்பா தெரியும், அவரு கொண்டாருவாரு, நான் பாத்துக்கூட இருக்க மாட்டேன்"னாங்க. ரெண்டாவது, மூணாவது, அதே பதில். சரி இது வேலைக்காகாதுன்னு ரெக்கார்டரை நிறுத்திட்டு காபி குடிச்சுட்டு இருந்தேன். பேச்சுவாக்குல, "பெரியப்பா இதுக்கெல்லாம் எவ்வளவு செலவு பண்ணியிருப்பாரு பெரியம்மா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். எழுந்திருச்சு போய் அரிசி டின்னுக்குப் பின்னாடி இருந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டாந்து வச்சாங்க. உள்ள வீட்டுக் கணக்கு டைரி. மளிகைக்கடையில இனாமாத் தர்ற டைரி, பழைய ஸ்கூல் நோட்டு, கெடச்சதுல எல்லாம் எழுதியிருக்காங்க. 1976ல இருந்து போன வருஷம் வரைக்கும், ஒரு வருஷம் கூட விடாம.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பால், கீரை, கருவேப்பிலைக்குக் கீழ ஒரு வரி, "இவர் குப்பை". எவ்வளவு, எங்க வாங்கினது, என்ன. ச.ப.ன்னா சண்டே பஜார், அ.ரோ.ன்னா அவென்யூ ரோடு. கோவத்துல எழுதி வச்சது எல்லாம். என்னைக்காவது ஒரு நாள் மொத்தமா கூட்டிக் காட்டி சண்டை போடணும்னு இருந்தாங்களாம், "கடைசி வரைக்கும் கூட்டவே இல்ல போ"ன்னாங்க.

ஒண்ணு அப்படியே தர்றேன்: "9-8-87 ஞாயிறு. பால் 7.00. கீரை 1.00. இவர் குப்பை 40.00 அ.ரோ. போட்டோ 6, குதிரை வண்டி போட்டது ஒன்று. செருப்பு வாங்கவில்லை."

பெரியப்பாவோட 17ம் நம்பர் நோட்டைத் திறந்தா ஜட்கா வண்டி ஸ்டாண்டு போட்டோ ஒண்ணைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்காரு, எந்தத் தெரு, பின்னாடி தெரியுற கட்டடம் எது, எல்லாம். எங்க கெடச்சுது, எப்போ கெடச்சுதுன்னு மட்டும் எழுதல, அவருக்கு அந்தப் பழக்கமே இல்ல. அது இங்க இருக்கு. கூடவே அதே நாள் வந்த மத்த அஞ்சு போட்டோ எதுன்னு தேடினோம், நாலு கெடச்சுது, நாலுலயும் பின்னாடி ஒரே ஸ்டூடியோ முத்திரை. ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தைப் பிரிச்சு வித்திருக்காங்க.

இப்போ பெரியம்மா தெனமும் ஃபோன் பண்ணி எப்போ வர்றேன்னு கேக்கறாங்க. நான் டைரியில தேதியைப் படிக்கிறது, அவங்க அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு சொல்றது, அக்கா பெட்டியில தேடுறது. சேலையைப் பாத்தே இது எங்க கூட்டத்து ஆளு, இது இல்லன்னு சொல்றாங்க. போட்டோ தெரியாதுன்னு சொன்ன அதே ஆளுதான். வீட்டு ஓனர்கிட்ட பேசி இன்னும் ரெண்டு மாசம் வாங்கியிருக்கோம். காசு டப்பாக்காரர் 40,000 வரைக்கும் வந்தாரு, பெரியம்மாவே ஃபோனை வாங்கி "டைரியில கணக்கு முடியட்டும், அப்புறம் பேசலாம்"னுட்டாங்க.

---

பழையபேப்பர்:

எல்லாத்துக்கும் முன்னாடி அந்த டைரியை ஸ்கேன் பண்ணுங்க. பெரிய மியூசியத்துலயே பாதிக்கு மேல இப்படி ஒரு வரவுப் பதிவேடு ஒழுங்கா இருக்காது. எங்க குடுத்தாலும் 43 நோட்டோட அதையும் சேர்த்தே குடுக்கணும், பிரிக்கக் கூடாது. பேனா மையா, பால் பாயின்ட்டா? மைன்னா ஈரத் துணி கிட்டயே போகக் கூடாது.

---

அல்சூர்வாசி:

1983 வரைக்கும் மை சார், அப்புறம் பால் பாயின்ட். குடுக்கறதைப் பத்தி பெரியம்மாகிட்ட சொன்னேன். தர்றாங்களாம், ஆனா டைரியில வர்ற "குப்பை"ங்கிற வார்த்தையை மட்டும் அடிச்சுடணுமாம். அடிக்கலாமா?

---

பழையபேப்பர்:

கூடாது. அவங்ககிட்ட நான் பேசறேன், நம்பர் தனியா அனுப்புங்க.